துவக்குக்குப் பூசிய பச்சை

1

நாங்கள் ஒக்லாந்தில் வந்து இறங்கிய நாள் ஜூலையில் வரும். ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு என் கணவர் யோகராசா ஒரு சின்ன விருந்து வைப்பார். மான் இறைச்சியை எங்கள் ஊர்த் தூள் போட்டுப் பிரட்டுவேன், புட்டு அவிப்பேன். அவருடைய கூட்டாளி சாமி மனைவியோடு வருவார். மகள் அபி எங்கே இருந்தாலும் அன்றைக்கு வந்துவிடப் பார்ப்பாள். நாலைந்து பேர் குசினி மேசையைச் சுற்றி நெருக்கிக்கொண்டு சாப்பிடுவோம்.

இந்த ஜூலையிலும் அந்த நாள் வந்தது. அன்றைக்கு நடந்ததை ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதத்தான் இதைத் தொடங்கினேன். தொலைபேசியில் "யோகண்ணை எப்பிடி?" என்று கேட்கிறீர்கள். "இருக்கிறார்" என்று சொல்லிவிட்டுக் கதையை வேறு பக்கம் கொண்டுபோய்விடுகிறேன். வாயால் சொல்லத் தொடங்கினால் எனக்கு முடிக்க வராது. எழுதும்போது இடையில் எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வரலாம்.

நாங்கள் இருப்பது மவுண்ட் வெல்லிங்டனில். வாடகை, பிறகு மோட்கேஜ் என்று வாழ்க்கையின் பெரும்பகுதி இந்த வீட்டிலேயே போய்விட்டது. இவர் விரி என்கிற இடத்தில் ஒரு பட்டறையில் வேலை செய்தார். இடிபட்டு நசுங்கி வருகிற கார்களை நேராக்கிப் பெயின்ற் அடிக்கிற பட்டறை. பெயின்ற் அடிப்பதுதான் இவருடைய பகுதி. பக்கத்தில் நின்று தகரம் தட்டியவர்தான் சாமி. சாமி பீஜிக்காரர். முப்பாட்டன் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கென்று தமிழ்நாட்டிலிருந்து கப்பலேற்றப்பட்ட குடும்பம். அவரிடம் மிச்சம் இருக்கிற தமிழ் 'வாங்க', 'சாப்பிடு', 'போதும்' என்று ஒரு கைப்பிடிச் சொற்கள்தான். இவரை 'ராஜா' என்று கூப்பிடுவார். இரண்டு பேரும் ஆளுக்கொரு மாதிரியான ஆங்கிலத்தில்தான் கதைத்துக்கொள்வார்கள். ஆனாலும் ஒருவர் சொன்னதை மற்றவர் பிழையாக விளங்கிக்கொண்டதை நான் கண்டதில்லை.

2

இவருக்கு வேட்டையைப் பழக்கியது சாமிதான். இங்கே அது பெரிய விசயம் இல்லை. பட்டறையில் பாதிப்பேர் வேட்டைத் துவக்குக்கு லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தார்கள். வார இறுதியில் மலைக்காட்டுக்குப் போய் மான் சுட்டு, பங்கு போட்டு, ஆழ்குளிர்ப் பெட்டிக்குள் வைப்பார்கள்.

இவர் துவக்கு வாங்கப் போகிறேன் என்று சொன்ன அன்று நான் வீட்டில் பெரிய சண்டை போட்டேன்.

"துவக்குக்குப் பயந்துதானே ஊரை விட்டு ஓடி வந்தனாங்கள்? இப்ப காசு குடுத்து வீட்டுக்குள்ள கொண்டு வரப் போறியளோ?"

"அங்க அது எங்களைப் பாத்துக்கொண்டு நிண்டது. இங்க நான் பிடிச்சிருப்பன். எனக்கு அது ஒருக்கா வேணும்" என்றார்.

கலியாணத்துக்கு முன்னர் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் இவரைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அது எனக்குத் தெரியும். மாமி சொல்லியிருந்தா. ஆனால் அங்கே என்ன நடந்தது என்று இவர் ஒருநாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அன்றைக்கு அந்த 'ஒருக்கா வேணும்' என்ற சொல்லைக் கேட்டபிறகு என்னால் மறுக்க முடியவில்லை.

பாடம் படித்து, பரீட்சை எழுதி, காவல்துறையிலிருந்து ஆள் வந்து என்னைத் தனியே வைத்து விசாரித்து, இரும்புப் பெட்டகம் சுவரில் பூட்டியிருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்து, எல்லாம் முடிந்து துவக்கு வீட்டுக்கு வந்தது. மரப்பிடி வேண்டாம், இந்த நாட்டு மழைக்கு ஊதிப்போகும் என்று சாமி சொன்னபடியால் பிளாஸ்ரிக் பிடி போட்டதாகப் பார்த்து வாங்கினார். தோளில் அண்டுகிற இடத்திலிருந்து குழாய்க்குக் கீழே கை பிடிக்கிற இடம் வரைக்கும் ஒரே துண்டு. அதன் மேலே ரப்பர் மாதிரி மெத்தென்று கறுப்புப் பூச்சு.

பதின்மூன்று வயதிலிருந்து அபியும் கூடப் போகத் தொடங்கினாள். வீட்டில் தகப்பனும் மகளும் கதைக்கிறது குறைவு. இவர் தமிழில் கேட்பார், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள், இரண்டு கேள்வியோடு கதை முடிந்துவிடும். காட்டுக்குள் அந்தக் கரைச்சல் இல்லை. அங்கே கதைத்தால் மான் ஓடிவிடும். விரலைக் காட்டினால் நில், உள்ளங்கையைத் தாழ்த்தினால் குந்து. நாள் முழுக்க அப்படி நடந்துவிட்டு, சேறும் சிராய்ப்புமாக, இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சிரித்துக்கொண்டு வந்து இறங்குவார்கள். எனக்குச் சில வேளை பொறாமையாகக்கூட இருக்கும்.

அபி வளர்ந்து, படித்து, கிறைஸ்ட்சேர்ச்சில் வேலை எடுத்துப் போய்விட்டாள். அவளும் லைசென்ஸ் எடுத்தாள். "இந்தத் துவக்கு அபிக்குத்தான்" என்று இவர் அப்போதே சொல்லிவிட்டார்.

3

இவருக்கு மறதி எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. விரிக்குப் போகிற வழியில் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் விமான நிலையம் வரைக்கும் போய்விட்டு வந்தார். அதைச் சிரிப்பாகச் சொன்னார். பிறகு சொல்லாமல் விட்டார்.

லைசென்ஸ் புதுப்பிக்கிற காலம் வந்தபோது, யாரும் சொல்லாமலே, "இனி உது என்னட்ட இருக்கக் கூடாது" என்று தானாகச் சொன்னார். முறைப்படி அறிவித்து, பதிவை மாற்றி, துவக்கு சாமியின் பெட்டகத்துக்குப் போனது. அபி வந்து எடுக்கும்வரைக்கும் அங்கே இருக்கட்டும் என்பது ஏற்பாடு. துவக்கைக் கொடுத்துவிட்டு வந்து, காலியான பெட்டகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

மறதி மருத்துவரிடம் போனபோது மொழிபெயர்ப்புக்கு ஒரு பிள்ளையை ஒழுங்கு செய்திருந்தார்கள். சென்னைப் பிள்ளை, நல்ல மரியாதையான பிள்ளை. இப்போது என்ன பருவகாலம் என்று மருத்துவர் கேட்டார்.

"மாரி" என்றார் இவர்.

"மாரியா? அது யாருங்க சார்?"

"மழைகாலம், பிள்ளை."

அடுத்த கேள்வி. "வீட்ல துப்பாக்கி ஏதாவது வச்சிருக்கீங்களான்னு டாக்டர் கேக்குறாங்க."

"துவக்கைச் சாமியிட்டக் குடுத்திட்டன்."

அந்தப் பிள்ளை கொஞ்சம் யோசித்தது. பிறகு மருத்துவரிடம் மிகுந்த பணிவோடு ஆங்கிலத்தில் சொன்னது, எல்லாத்தின் தொடக்கத்தையும் இவர் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டாராம். மருத்துவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். நான் சிரித்துச் சிரித்து, இருமி, பிறகுதான் திருத்தினேன். இவரும் சிரித்தார். காருக்குள் வந்தும் இரண்டு பேரும் கண்ணீர் வரச் சிரித்தோம். அதற்குப் பிறகு நாங்கள் அப்படிச் சேர்ந்து சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

முதலில் போனது ஆங்கிலம். பத்திரிகை, தொலைக்காட்சி, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரோடு வேலியடியில் நின்று கதைக்கிறது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நின்றது. அபி ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பாள். 'அப்பா' என்று தொடங்கி மிச்சம் முழுக்க ஆங்கிலத்தில் கதைப்பாள். எங்கள் தமிழ் அவளுக்கு நன்றாக விளங்கும், நாக்குத்தான் வளைவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

"ஆரோ வெள்ளைக்காரப் பிள்ளை. எனக்கு விளங்கேல்லை, நீர் கதையும்."

மறுமுனையில் அபி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

4

இந்த வருடம் ஏப்ரலில் சாமி வந்தார். கையில் துவாயால் சுற்றிய ஒரு நீளப் பொருள். துவக்கின் பிடி. இரும்புப் பாகம் எல்லாவற்றையும் கழற்றித் தன்னுடைய பெட்டகத்துக்குள் பூட்டிவிட்டு, வெறும் பிளாஸ்ரிக் துண்டை மட்டும் கொண்டு வந்திருந்தார். மேலே இருந்த ரப்பர் பூச்சு பழுதாகிப் போயிருந்தது. வருடக் கணக்கான வியர்வை, நுளம்புக்குப் பூசுகிற மருந்து, ஒக்லாந்தின் ஈரம். தொட்டால் பிலாப்பால் மாதிரிக் கையில் ஒட்டியது.

அபி எடுப்பதற்கு முன்னர் இதைத் திருத்த வேண்டும், அதை ராஜாதான் செய்ய வேண்டும் என்றார் சாமி. மனம் மறந்ததைக் கை மறக்காது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கை இருக்கவில்லை. ஆனால் கதிரையில் இருந்து நாள் முழுக்கத் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருக்கிற மனிசனுக்கு ஏதாவது ஒரு வேலை கிடைத்தால் போதும் என்றிருந்தது.

கராஜ் கதவைத் திறந்துவிட்டு, மேசையில் பழைய பத்திரிகை விரித்து, கையுறை போட்டுவிட்டேன். இவர் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒரு ஓரத்தைத் துடைத்தார். கறுப்புப் பசை துணியோடு வந்தது. துணியை மடித்துச் சுத்தமான பக்கத்தைத் திருப்பி மறுபடியும் துடைத்தார். அந்தத் துணியை மடித்த விதத்தில் எனக்குப் பட்டறையில் நின்ற யோகராசா தெரிந்தார்.

பழைய துணி எல்லாம் முடிந்து என்னுடைய இரண்டு தலையணை உறையும் போனது. வரிவரியாக இருந்த இடங்களில் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். அடியிலிருந்து சாம்பல் நிறப் பிளாஸ்ரிக் வந்தது. பிறகு தண்ணீரில் நனைத்த சாண்ட்பேப்பரால் தேய்க்கத் தொடங்கினார். இடைக்கிடை கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார்.

"இது எந்தக் காரின்ர?" என்று ஒருநாள் கேட்டார்.

"அபியின்ர."

"அபி கார் வாங்கிட்டாளே?"

"ஓம்."

"பிள்ளை கவனமா ஓட்டுவாள்" என்றுவிட்டுத் தேய்த்தார்.

நேற்றுத் தேய்த்தது இன்றைக்கு மறந்துவிடும். காலையில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். பிளாஸ்ரிக் மெலிந்துவிடப் போகிறதென்று சாமி வந்து கையைப் பிடித்து, "போதும், ராஜா, போதும்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் நிறுத்தினார்.

பெயின்ற் அடிக்க ஈரமில்லாத நாள் வேண்டும். ஈரக் காற்றில் அடித்தால் மேலே பனி படிந்த மாதிரி வெளிறிவிடும். காலையில் கதவைத் திறந்து மூக்கை நீட்டி மணந்து பார்த்துவிட்டு, "இண்டைக்கு வேண்டாம்" என்று மூடுவார். என்ன கிழமை என்று தெரியாத மனிசனுக்குக் காற்றில் எவ்வளவு ஈரம் என்று தெரிந்தது. ஒருநாள், "இண்டைக்கு அடிக்கலாம்" என்றார்.

கராஜ் கூரையில் கம்பி கட்டிப் பிடியைத் தொங்கவிட்டோம். சாமி விசிறியடிக்கிற ரின் பெயின்ற் சிலதைக் கொண்டு வந்து வரிசையாக வைத்தார். கறுப்பு, மண்ணிறம், பச்சை. இவர் பச்சையை எடுத்தார். முதலில் பிளாஸ்ரிக்கில் பிடிப்பதற்கான அடிப்பூச்சு. அது காய்ந்த பிறகு பச்சை. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினால் நடுங்குகிற கை, பெயின்ற் ரின்னைத் தூக்கியபோது நடுங்கவில்லை. பொருளுக்கு வெளியிலேயே விசிறலைத் தொடங்கி, ஒரே வேகத்தில் கொண்டுபோய், மற்றப் பக்கம் தாண்டியபிறகு நிறுத்தினார். மெல்லிய பூச்சு, காயவிட்டு இன்னொரு மெல்லிய பூச்சு. நான் கிட்டப் போனபோது, "தொடாதையும், காயட்டும்" என்று அதட்டினார். அந்த அதட்டலைக் கேட்டு எவ்வளவு காலம். நான் கராஜ் வாசலில் நின்றே சந்தோசத்தில் அழுதேன். மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். எங்கேயும் ஒரு வடிசல் இல்லை. காட்டில் நிழல் விழுந்த இலையின் பச்சை.

"வேலை முடிஞ்சுது. ஆக்கள் வந்து எடுப்பினம்" என்று சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

5

ஜூலையில் அபி வந்தாள். துவக்கை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவர முடியாதபடியால் இந்த முறை விருந்தை மனுரேவாவில் சாமி வீட்டில் வைத்தோம். மதியம். வெளியே தூறல். சாமியின் மனைவி லதா அடுப்படியில் பூரி பொரித்துக்கொண்டிருந்தா. இவரும் நானும் இருப்பறையில் இருந்தோம். சாமியும் அபியும் கராஜில் பிடியையும் இரும்புப் பாகங்களையும் சேர்த்துத் துவக்கைப் பூட்டினார்கள்.

அபி அதைக் கையில் எடுத்துக்கொண்டு அறை வாசலுக்கு வந்தாள். தகப்பன் பழக்கியபடி குண்டு போடுகிற பூட்டைத் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று பார்த்து, குழாய் வாயை நிலத்தைப் பார்க்கப் பிடித்திருந்தாள். மழைக்குப் போட்ட பச்சை ஜக்கெற், தலையில் தொப்பி. முகம் முழுக்கச் சிரிப்பு. அப்பா பாருங்கள், எவ்வளவு வடிவாகச் செய்திருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

இவர் எழுந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்.

நான் முதலில் விளையாட்டென்று நினைத்தேன். அடுத்த கணம் இவர் முழங்கையால் என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினார்.

"மாத்தயா, ஐசி இருக்கு மாத்தயா" என்றார். ஊரில் அடையாள அட்டையை நீட்டி ஆமிக்காரரிடம் சொல்லுகிற அதே சொல். குரல் இவருடையதாக இல்லை. ஒரு இளம்பெடியனின் குரல். "இவ என்ர மனுசி. இவவுக்கு ஒண்டும் தெரியாது. என்னைக் கொண்டுபோங்கோ."

"இஞ்சாருங்கோ, இது அபி. எங்கட அபி" என்றேன்.

"கதையாதையும்" என்றார் வாய் அசையாமல். "நிலத்தைப் பாரும். அவையின்ர முகத்தைப் பாக்கக் கூடாது."

இத்தனை வருடம் நான் கேட்காமல் விட்டதை அன்றைக்கு என் கண்ணால் கண்டேன்.

அபி துவக்கை நிலத்தில் வைத்தாள். சாமி அதை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போனார். அவள் வெறுங்கையை விரித்துக் காட்டி, ஆங்கிலத்தில் என்னென்னவோ சொன்னாள், நான்தான் அப்பா, நான்தான் என்று கெஞ்சினாள். அந்த மொழியைக் கேட்கக் கேட்க இவர் இன்னும் குறுகினார். தூக்கிய கை இறங்கவில்லை.

அபி நிறுத்தினாள். தொப்பியைக் கழற்றினாள். இவரை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். இவருக்குத் தான் யாராகத் தெரிகிறேன் என்று அவளுக்கு விளங்கிய நேரத்தை அவள் முகத்தில் நான் கண்டேன். பிறகு வாயைத் திறந்து, சொல் சொல்லாக, தமிழில் சொன்னாள்.

"நீங்கள் போகலாம். ரெண்டு பேரும். வீட்ட போங்கோ."

"பெரிய உபகாரம், ஐயா" என்றார் என் கணவர். "பெரிய உபகாரம்."

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு முதுகு காட்டாமல், பின்பக்கமாகவே அடியெடுத்து வைத்து என்னை வாசலுக்குக் கொண்டுவந்தார். தூறலுக்குள் இறங்கியதும், "ஓட வேண்டாம், மெள்ள நடவும்" என்றார். உள்ளே லதா அடுப்பை நிறுத்திய சத்தம் கேட்டது.

துவக்கு இப்போதும் சாமியிடம்தான் இருக்கிறது. தனக்கு வேண்டாம் என்று அபி சொல்லிவிட்டாள். விற்றுவிடட்டுமா என்று கேட்கவும் சாமிக்கு மனம் வரவில்லை, கேட்காமல் வைத்திருக்கவும் முடியவில்லை.

6

வீட்டுக்குக் கார் ஓட்டியது அபி. ஜக்கெற்றைச் சாமி வீட்டிலேயே விட்டுவிட்டு, அந்தக் குளிரில் மெல்லிய சட்டையோடு இருந்தாள். இவரும் நானும் பின்னால். மோட்டர்வேயில் ஏறியபிறகு இவருடைய மூச்சு மெல்ல மெல்ல ஆறியது. என் மணிக்கட்டை மட்டும் விடவில்லை.

"இஞ்சாரும், கார் ஓடுற பிள்ளை ஆர்?" என்று என் காதுக்குள் கேட்டார்.

முன்னால் அபியின் தோள் அசையாமல் இருந்தது.

"இந்தப் பிள்ளைதான் எங்களை விடுவிச்சது. நான் பாத்தனான். நல்ல பிள்ளை."

கொஞ்ச நேரம் கழித்து முன்னால் சாய்ந்தார்.

"பிள்ளை, உமக்கு எந்த ஊர்?"

அபி ஒரு பெரிய லொறிக்கு வழி விட்டாள்.

"உங்கட ஊர்தான்."

"எங்கட ஊரே!" இவருக்குப் பெரிய சந்தோசம். "ஆரின்ர பிள்ளை நீர்?"

"யோகராசாவின்ர மகள்."

இவர் யோசித்தார். அந்தப் பெயரை மெதுவாக இரண்டொரு தரம் சொல்லிப் பார்த்தார்.

"யோகராசா... கேள்விப்பட்ட பேராத்தான் கிடக்கு. ஆளை நினைவில்லை." கதிரையில் சாய்ந்துகொண்டார். "தேப்பனைக் கண்டா நான் விசாரிச்சதெண்டு சொல்லும், பிள்ளை. நல்லா வளத்திருக்கிறார் எண்டும் சொல்லும்."

"சொல்லுறன்" என்றாள் அபி.